கருந்துளைக்குச் செம்புச் சுருள்

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு யாராவது குறுக்கே வந்திருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். ஐந்து வருடமாக நான் செய்த ஆராய்ச்சியில் செம்பும் கிடையாது, கம்பியும் கிடையாது. எல்லாமே கணக்கு. நம் உலகத்தைவிட ஒரு பரிமாணம் கூடுதலாக உள்ள கற்பனைப் பிரபஞ்சம். அதன் நடுவே ஒரு கருந்துளை. அதைக் குளிர வைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதைச் சுற்றி ஒரு புலம் படிகிறது. அந்தப் பிரபஞ்சத்தின் விளிம்பில் நின்று பார்த்தால் அதே சங்கதி, தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் மீக்கடத்தியாகத் தெரியும். நிஜ மீக்கடத்திகளில் விளங்காததை இப்படிச் சுற்றிவளைத்துப் புரிந்துகொள்ளப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப மோட்டாருக்கு ஆகுமுங்களா?" என்பதுதான். ஊர்க்காரர்கள் கேட்டால் சிரித்துக்கொள்வேன். என் வழிகாட்டிப் பேராசிரியரே கேட்டால்?

கல்லூரிக்கு அந்த வருடம் காப்புரிமை எண்ணிக்கை காட்ட வேண்டுமாம். என் ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டுமென்றால், முதலில் நான் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். வாங்கிப் பார்த்தேன். சாதாரண வெப்பத்திலேயே மின்தடை இல்லாத கம்பிச்சுருள், கண்டுபிடித்தவர் நான். கூடவே ஒரு போட்டோ, பளபளவென்று செம்புச் சுருள்.

அந்த நேர்த்தியான கட்டு எனக்குத் தெரியும். ஊருக்குள்ளேயே கணபதிப் பகுதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கும் என் கணவரின் கைவேலை. உடனே போன் போட்டேன்.

"சார் கேட்டாங்க அம்மணி. உன்ற வாத்தியாரு கேட்டு எப்படி இல்லீங்கறது? புதுசாவே சுத்திக் குடுத்துப்போட்டேன்" என்றார், பெருமையாக.

எதற்கென்று கேட்கவேயில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாம்! இந்த ஊர் மரியாதையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? விஷயத்தைச் சொன்னேன். கரண்ட் போய் சூடாகாத சுருளை இத்தனை வருசத்தில் தான் பார்த்ததேயில்லை என்று முனகினார்.

எனக்கு அது போதும். மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன். சுருள் அவர் மேசைமேலேயே இருந்தது. இரண்டு முனைகளையும் பேட்டரியில் இணைத்தேன்.

"மின்தடை இல்லைன்னா சூடே ஆகாதுங்க சார். இதுமேல கைய வெச்சுக்குங்க. நான் கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்கும் எடுக்காதீங்க" என்றேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வைத்தார். விண்ணப்பம் பன்னிரண்டு பக்கம். முதல் பக்கத்திலிருந்து வரி வரியாக வாசிக்க ஆரம்பித்தேன். மூன்றாம் பக்கத்தில் அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். நான் பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எட்டு மாதமாகிறது. என் ஆய்வேடு இன்னும் அவர் பீரோவில்தான் கிடக்கிறது. விண்ணப்பம் மட்டும் அந்த வாரமே போய்விட்டது, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரோடு.