விரத இலையில் வளவுக் கத்தரிக்காய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கணவரின் அக்காவுக்கு என்னைவிட நீளம். அவர் தம்பலகாமத்தில் வயலும் தோட்டமும் செய்கிறவர். திருகோணமலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு உரப்பை நிறைய மரக்கறியோடு வந்து இறங்குவார். கூடவே பட்டணத்துக்காரரான எங்களைக் குத்தும் ஒரு கதையும் இறங்கும்.

“ரவுண் ஆக்களுக்கு கறிவேப்பிலையும் கடையிலதானே முளைக்குது.”

பல வருடம் சிரித்துச் சமாளித்தேன். போன வருடம், காலமான மாமனாருக்கு விரதம் பிடிக்கும் ஆடி அமாவாசைக்கு முன்னர் தொலைபேசியில் அதையே திரும்பவும் சொன்னபோது பொறுக்க முடியவில்லை.

“மச்சாள், இந்த முறை வெறுங்கையோட வாங்கோ. மாமாவின்ர விரதச் சாப்பாட்டுக்கு மரக்கறி முழுக்க எங்கட வளவிலதான்.”

“பாப்பம்,” என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த நக்கல் எனக்குச் சாப்பாடு இறங்கவிடவில்லை.

ஆனாலும் நான் வீம்புக்குச் சொல்லவில்லை. வீட்டைச் சுற்றியுள்ள எங்கள் வளவு துறைமுகத்துக்குக் கிட்ட. கிணற்றுத் தண்ணீர் உவர், தோண்டினால் கல். நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்து, வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்று அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்த காலத்தில், மிளகாய்க் கன்று வைத்துக் கருகவிட்டுத்தான் தொடங்கினோம். பிறகு என் கணவர், சல்லிக் கடற்கரையில் மீன்காரர் கழித்துப் போட்ட, ஐஸ் மீன் அடைக்கும் வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அடியில் துளை போட்டு, மீன் தலையும் குடலும் பரப்பி, மேலே நல்ல மண் நிரப்பி, குழாய்த் தண்ணீர் ஊற்றினார். ஊர்ப் பூனைகள் எல்லாம் எங்கள் வளவில் வந்து குடியேறின. அவற்றைக் கலைப்பது மகளின் வேலை. அப்படித்தான் கத்தரி, வெண்டி, பயிற்றை, பசளி எல்லாம் காய்த்துக் குலுங்கின. காய்த்த சந்தோசத்தில், விரதத்தையும் மீன் தலையையும் சேர்த்து யோசிக்க எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவேயில்லை.

அமாவாசையன்று மச்சாளும் என் கணவரும் கடலில் தீர்த்தமாடி, கோயிலுக்கும் போய்விட்டு வந்தார்கள். நான் கத்தரிக்காய்ப் பால்கறி, வெண்டிக்காய்க் குழம்பு, பயிற்றங்காய்ப் பிரட்டல், பசளிக்கீரை என்று சமைத்து வைத்திருந்தேன். தேங்காயும் எங்கள் மரத்துடையது. அரிசி மட்டும் மச்சாளின் வயல். மதிலில் காகத்துக்கு வைத்து, அது வந்து கொத்திய பிறகு இலை போட்டேன்.

மச்சாள் கத்தரிக்காயில் ஒரு வாய் எடுத்தார். புருவம் மேலே போனது.

“இந்த உவர் நிலத்தில இப்பிடிப் பிஞ்சோ? என்ன உரம் போட்டனீங்கள்?”

நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் பெருமை தாங்காமல் முந்திக்கொண்டார்.

“மீன் தலை அக்கா! ஒவ்வொரு பெட்டிக்கும் கீழ தாராளமாப் போட்டனான்.”

மச்சாளின் கை இலைக்கு மேல் அப்படியே நின்றது. மற்ற நாளில் மீனை ஒரு கை பார்ப்பவர்தான். ஆனால் தகப்பனின் விரத நாளில் மீன் வாடையே ஆகாது. அவர் இப்போது இலையை மடித்து எழும்பினால், மாமாவின் விரதத்தைக் கெடுத்தவள் என்ற பேர் எனக்குச் சாகும்வரை போகாது.

கணவருக்கும் அப்போதுதான் உறைத்தது. மெதுவாகச் சொன்னார்.

“அக்கா, காகம் முதலே சாப்பிட்டிட்டுது. கத்தரிக்காயைத்தான் முதல்ல கொத்தினது. அப்பா ஒரு குறையும் சொல்லேல்லையே.”

மச்சாள் திரும்பி மதிலைப் பார்த்தார். அங்கே ஒரு பருக்கையும் மிச்சமில்லை.

“அப்பாவுக்கு மீன் எண்டா உயிர்தானே,” என்றார் தனக்குள். பிறகு இலையை என் பக்கம் நகர்த்தினார். “இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் போடு பிள்ளை.”

அகப்பை நிறைய அள்ளிப் போட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த பெருமை, என் அலுவலகத்தில் பதவி உயர்வு கிடைத்தபோதுகூட வந்ததில்லை.

கை கழுவியதும் மச்சாள் கதிரையில் சாய்ந்து, தம்பலகாமத்தில் இருந்த தன் கணவருக்கு அழைப்பெடுத்தார்.

“ஓமப்பா, சாப்பிட்டாச்சு. எல்லாம் இவள் வளவில விளைவிச்சது. எங்கட கத்தரிக்காய் இதுக்குக் கிட்டவும் நிக்கேலாது.”

அந்தப் பக்கத்திலிருந்து அவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். மச்சாள் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

“உரமோ? உரம் என்ன உரம். அது அவளின்ர கைராசி.”