அங்காளம்மாளும் கிரேஸின் கொய்யாப்பழமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனி. அதன் பேக்கிங் பிரிவில் அங்காளம்மாளும் கிரேஸும் வேலைக்குச் சேர்ந்தது ஒரே நாளில். இருவரும் நல்ல பருமன். கம்பெனி பஸ்ஸில் இவர்கள் உட்கார்ந்துவிட்டால் அந்த சீட்டில் மூன்றாவது ஆளுக்கு இடமிருக்காது. “குண்டு ஜோடி” என்று டிரைவர் ஏழுமலை கூப்பிட்டால் இருவரும் சேர்ந்தே சிரிப்பார்கள். ஒருத்தி மட்டும் குண்டு என்றால்தானே வருத்தம்; ரெண்டு பேர் என்றால் அது ஒரு தினுசுப் பெருமை.

அந்தப் பெருமையில் கொய்யாப்பழம் மண்ணைப் போட்டது. கம்பெனிக்கு வந்த டாக்டர், கிரேஸுக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, எடை குறையாவிட்டால் மாத்திரைதான் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து கேன்டீனில் அவளுக்கு ஒரு கரண்டி சோறு, மிச்ச வயிற்றுக்குக் கொய்யாவும் பப்பாளியும். பழம் தின்னும் கூட்டம் ஒன்று அதே பேக்கிங் பிரிவில் வேலை செய்த ஜெனிபரின் மேஜையில் சேர்ந்தது. கிரேஸும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நாளில் அவள் யூனிபார்ம் தொளதொளத்தது.

“இன்னா கிரேசு, காலேஜ் பொண்ணு கணக்கா ஆயிட்ட!” என்றார் ஏழுமலை. பக்கத்தில் இருந்த அங்காளம்மாளுக்கு வயிறு எரிந்தது. அவளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

“நீயும் துன்னு பாரேன்டி. சோத்தக் கொறச்சிட்டுப் பழம் துன்னணும்” என்று கிரேஸ் சொல்லத்தான் செய்தாள். அங்காளம்மாளின் காதில் பழம் மட்டும் ஏறியது. போடுகிற சோற்றை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அவள் பரம்பரைக்கே கிடையாது. நாள் முழுக்க நாற்று நட்டும் அரை வயிறு சாப்பிட்டவர்கள். ஆகவே சாம்பார், ரசம், மோர் எல்லாம் முடித்து, அதன் மேல் பலாச்சுளையும் வாழைப்பழமும்.

அட்டைப்பெட்டிகளை நிறுக்க பேக்கிங்கில் ஒரு வெயிட் மிஷின் உண்டு. தரையோடு தரையாக இரும்புத் தட்டு, எதிர்ச் சுவரில் சிவப்பு எண்கள். சூப்பர்வைசர் டீக்குப் போனதும் பெண்கள் ஒவ்வொருவராக அதில் ஏறி எடை பார்ப்பார்கள். அன்று அங்காளம்மாள் ஏறினாள். மூன்று கிலோ கூடியிருந்தது.

“பழம் துன்னதுக்கே இவ்ளோ வெயிட்டா?” என்றாள் ஜெனிபர். எல்லோரும் சிரித்தார்கள். கிரேஸும் சிரித்தாள். அதைத்தான் அங்காளம்மாளால் பொறுக்க முடியவில்லை.

அடுத்து கிரேஸ் ஏறினாள். எல்லோர் கண்ணும் சுவரில் இருந்தது. பின்னால் நின்ற அங்காளம்மாள் தன் சேஃப்டி ஷூவைத் தட்டின் ஓரத்தில் வைத்து மெல்ல அழுத்தினாள். எண் ஏறி, கிரேஸின் பழைய எடையில் வந்து நின்றது. கிரேஸ் முகம் சுண்டி இறங்கினாள். அங்காளம்மாளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, அதை மறைப்பானேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கிரேஸ் பழ டப்பா இல்லாமல் வந்தாள். “தள்ளிக் குந்துடி அங்கா” என்று பழைய இடத்தில் உட்கார்ந்தாள். தட்டு நிறையச் சோறு.

“பழம் இன்னாடி ஆச்சு?”

“அட போடி. வாயக் கட்டி வயித்தக் கட்டி இன்னாத்தக் கண்டேன்? மாத்திரைய முழுங்கினு போறேன். நமக்கு எழுதனது அவ்ளோதான்.”

மாத்திரை என்றதும் அங்காளம்மாள் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். சொல்லிவிடலாம். ‘நான்தான்டி காலை வெச்சேன்’ என்றால் போதும். கிரேஸ் நாலு வார்த்தை திட்டுவாள், நாளைக்கே கொய்யாவுக்குத் திரும்பிவிடுவாள். அங்காளம்மாள் வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

அதற்குள் ஜெனிபர் எழுந்து வந்து கிரேஸின் தோளைக் கட்டிக்கொண்டாள். “அக்கா, வெயிட் ஏறினாலும் நீங்க அழகாத்தான் கீறீங்க.” சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். கிரேஸ் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த அங்காளம்மாளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அங்காளம்மாள் வாயை மூடிக்கொண்டாள். தன் தட்டிலிருந்து ஒரு கை சோற்றை அள்ளி கிரேஸின் தட்டில் வைத்தாள்.

“துன்னுடி” என்றாள்.