கரி பூசிய கிறிஸ்துமஸ்

மௌலா அலி பக்கம் எங்கள் காலனி கிளப்பில் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் விழா என் தலையில் விழுந்தது. கறுப்பர்களின் தாளத்தில் வெள்ளைக்காரர்கள் பாடிய ரெக்கார்டுக்கு ‘ஆப்பிரிக்க நடனம்’. எங்கள் ஆபீஸ் ஆட்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டிருந்தார்கள்.

கூடவே அடிக்க, கல்யாண ஊர்வலங்களில் மர்ஃபா மேளம் அடிக்கும் ஒருவரைக் கூப்பிட்டிருந்தேன். சுருட்டை முடி, நரைத்த தாடி. நிஜாமின் குதிரைப்படைக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். அடிக்கடி மேளத் தோலைக் கன்னத்தில் ஒற்றிச் சூடு பார்ப்பார்.

“பாய், நீங்க திரைக்குப் பின்னாடி உட்காருங்க” என்றேன்.

“காய்கு சாப்? ஏன் பின்னாடி?”

ஒத்திகை பார்த்தவர்களைக் காட்டி, “ஆட்டம் சரியா இருக்கா?” என்று அவரிடமே கேட்டேன், முட்டாள் மாதிரி.

“எனக்கென்ன தெரியும் சாப்? என் தாத்தாவே இங்க பொறந்தவர்.”

நன்றாகவே அடித்தார். கைதட்டல் மேடைக்குப் போயிற்று. முடிந்ததும் ஆடியவர்கள் சோப்போடு குழாயடியில் மொய்த்தார்கள். அவர் தண்ணீர் குடிக்கக் காத்து நின்றார். வழிவிடச் சொல்லப் போனேன்.

“நக்கோ சாப், வேணாம். அவங்க கழுவிக்கட்டும். அவங்களுக்குச் சீக்கிரம் போயிடும்.”

கேலியா, களைப்பா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த வருஷமும் அதே நடனம் வைத்தோம். அவரை மட்டும் நான் கூப்பிடவில்லை. ரெக்கார்டே போதும் என்று சொல்லிவிட்டேன்.