கை காட்டிய இடம்

கண்ணிவெடி தேடும் நாயொன்றை என் பொறுப்பில் விட்டபோது, நாய் பழக்க எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் நாய் இல்லாத காலமே கிடையாது. வந்தது வெளிநாட்டில் பிறந்த பெட்டை. மட்டக்களப்பு வெயிலைத் தாங்க முடியாமல், வைத்த சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. சோற்றில் மீனைப் பிசைந்து, முள் பார்த்து, உருட்டி ஊட்டிவிட்டேன். சாப்பிட்டது. அன்றிலிருந்து என் காலைச் சுற்றியே திரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலை இதுதான். கயிறு கட்டிப் பிரித்த நிலத்தின் ஓரத்தில் நின்று நான் கையை நீட்டுவேன். நாய் மூக்கை மண்ணோடு வைத்து, நான் காட்டிய திசையில் நேராகப் போக வேண்டும். வெடிமருந்து மணத்தைப் பிடித்தால் அந்த இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்துவிட வேண்டும். பயிற்சித் திடலில் நான் கையை நீட்டியதும் என் நாய் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றது. கத்தினேன். வாலை ஆட்டியது. மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முன்கோபம் அதிகம். நாயின் கயிற்றை எறிந்துவிட்டுப் போய்விட்டேன்.

எங்கள் பயிற்சியாளர் பெரியகல்லாற்றுக்காரர். அதிகம் பேசாத மனிதர். பின்னாலேயே வந்தார்.

“சோறு உருட்டிக் குடுக்கிறீங்களா?”

“ஓம் சேர்.”

“அதான். அது சோத்துக் கையப் பாக்குது. கை காட்டுற இடத்தப் பாக்கோணுமெண்டா, அங்கதான் அதுக்கு ஏதும் கிடைக்கோணும். இனி உங்கட கையால ஒண்டும் குடுக்காதீங்க.”

வெளிநாட்டில் யாருக்கும் இந்தத் தொல்லை வந்திருக்காது. நாய்க்கு உருண்டை பிடிக்கும் புத்தி எங்களுக்குத்தானே உண்டு! அதன்பிறகு வேறொருவர் கிண்ணத்தில் சாப்பாடு வைத்தார். நாய் கிண்ணத்தை விட்டுவிட்டு என்னைத் தேடியது. நான் கொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். திடலில், புதைத்து வைத்த வெடிமருந்து டப்பாவின் மேல் அது சரியாக உட்கார்ந்தால், பயிற்சியாளர் பின்னாலிருந்து ஒரு ரப்பர் பந்தை அதன் மூக்கருகில் விழும்படி எறிவார். மண்ணே பந்தைத் தருகிறது என்று நாய் நம்பத் தொடங்கியது. ஒருநாள் காலையில் நான் கையை நீட்டினேன். என்னைப் பார்க்காமலே நேராகப் போனது. பயிற்சியாளர் தலையாட்டினார். எனக்கென்றால் அழுகை வந்தது.

நாங்கள் முதலில் இறங்கியது கிரான் பக்கத்து வயல்வட்டையொன்றில், காடு மண்டிக் கிடந்த ஒரு வயல் காணியில். சண்டை முடிந்து ஊர் திரும்பிய புதிதில் அதைப் பார்க்கப் போன காணிச் சொந்தக்காரர் வெடியில் கால் வைத்து இறந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் அதற்குள் இறங்கவில்லை. அவருடைய மனைவி பக்கத்து வயல்களில் கூலிக்குக் களை பிடுங்கிப் பிள்ளைகளை வளர்த்தார். வேலைக்குப் போகும் வழியில் நாங்கள் நட்டிருந்த சிவப்பு எச்சரிக்கைப் பலகைக்கு வெளியே நின்று கேட்பார்.

“விதைப்புக்கு முன்னம் முடியுமா மகன்?”

“முடியும், அம்மா.”

நாய் கோடு கோடாகத் தேடியது. எங்கும் உட்காரவில்லை. பாதிக் காணி தாண்டியதும் எனக்குள் பயம் பிடித்துக்கொண்டது. நாய் உட்காரவில்லை என்றால் மண்ணில் ஒன்றும் இல்லை. அல்லது நாயின் மூக்கில் ஒன்றும் இல்லை. இரண்டாவதாக இருந்தால், அடுத்து வெடியில் படப்போவது இந்த அம்மாவின் கால். என் முகத்தைப் பார்த்த பயிற்சியாளர், எனக்குச் சொல்லாமல், வயலுக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தில் டப்பாவைப் புதைத்துவிட்டு, அங்கே நாயை விடச் சொன்னார். கையை நீட்டினேன். கொஞ்சத் தூரம் போய் உட்கார்ந்தது. அவர் மண்ணைக் கிளறி டப்பாவை எடுத்துக் காட்டினார். பிறகு இன்னொரு நாயும் காணி முழுவதையும் தேடியது. அதுவும் உட்காரவில்லை.

காணியைக் கையளிக்கும் நாளில், தேடிய நாங்களே முதலில் அதன்மேல் நடந்து காட்டுவது எங்கள் வழக்கம். தோளோடு தோளாக ஒரு கரையிலிருந்து மறு கரைவரை நடந்தோம். அம்மாவின் கணவர் விழுந்த இடத்தையும் மிதித்துத்தான் போனோம். அங்கேயும் மற்ற இடங்களைப் போலப் புல்தான் நின்றது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அம்மாவிடம் வந்தேன்.

“முழுக்கப் பாத்தாச்சு அம்மா. ஒண்டும் இல்ல. பயப்பிடாம விதைங்க.”

“ஒண்டுமே இல்லையா மகன்?”

“ஒண்டுமே இல்ல.”

சந்தோஷத்தில் அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. வயலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப, இவ்வளவு காணிக்குள்ளயும் ஒரே ஒண்டுதான் கிடந்திருக்கு,” என்றார். “அதுல போய் இவரு மிதிச்சிருக்காரு.”