மாமியாருக்கு அளவெடுத்த வண்டி

கொட்டகையிலிருந்து என் மகன் அதை வெளியே உருட்டி வந்தபோது, சக்கரங்களின் பள்ளங்களில் பழைய செம்மண் காய்ந்து கிடந்தது. என் மாமியார் தள்ளிக்கொண்டு நடந்த வண்டி. குழந்தைகளின் நடைவண்டியைப் பெரியவர்களுக்காகப் பெரிதாக்கியது போல இருக்கும்: நான்கு தடித்த சக்கரங்கள், இரும்புச் சட்டம், இரண்டு கைப்பிடிகள், சைக்கிள் பிரேக். அவர் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. ஆனாலும் அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இறந்தவர்மேல் பொறாமைப்படக் கூடாதுதான். வயிற்றுக்கு அது தெரியவில்லையே.

எண்பதுகளில் எங்கள் தீவின் கிழக்கே, சென்ட்ர் டி ஃப்ளாக் ஊரை அடுத்த ஒரு கரும்புக் கிராமத்தில் இருந்தோம். கணவருக்குக் கடற்கரை ஓட்டல் ஒன்றின் பட்டறையில் வேலை, எனக்கு ஸ்வெட்டர் ஆலையில். விடியுமுன் ஆலை பஸ் வந்துவிடும். பொழுது சாயும்வரை நின்றபடியே வேலை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் வீங்கிய பாதத்தில் வார் பதிந்திருக்கும். அந்தக் கால்களைப் பற்றிக் கணவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் கரும்புத் தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்த தன் அம்மாவின் முழங்கால்கள் மக்கர் செய்ததும் மனிதர் துடித்துப்போனார். டாக்டர் வீட்டோடு உட்காரச் சொன்னார். மாமியாரா கேட்பார்? "மோ பா பூ ஆசிஸே! உட்கார மாட்டேன், அதை வேறு யாரிடமாவது சொல்" என்றார். வீட்டில் நாங்கள் பேசியதெல்லாம் கிரியோல்தான். கோயிலுக்கும் மாலை வகுப்புக்கும் என்று வைத்திருந்த தமிழில் இப்போது என் எரிச்சலைக் கொட்டுகிறேன்.

மணலில் சாய்வு நாற்காலிகளை ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்றை ஓட்டலில் கழித்துப் போட்டார்கள். அதன் சக்கரங்களைக் கேட்டு வாங்கி வந்த கணவர், மறுநாளே அம்மாவை முற்றத்தில் நிற்க வைத்தார். "பா பூஸே, மா. அசையாதே" என்று சொல்லி, அவர் காலடியில் மண்டியிட்டு, தரையிலிருந்து மணிக்கட்டுவரை நூல் பிடித்து அளந்தார். திருப்தியில்லாமல் மறுபடியும் அளந்தார். வாசலில் செருப்போடு நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்து ரவிக்கைக்குக்கூட என்னைத் தையல்காரர்தான் அளந்தார்.

பட்டறையில் அவர் வண்டியைச் செய்து கொண்டுவந்தபிறகு மாமியாரைக் கையில் பிடிக்க முடியவில்லை. கரும்புக் காட்டுக் கல்பாதை, மழைச் சேறு, கடற்கரை மணல், எல்லாம் அந்தச் சக்கரங்களுக்கு ஒன்றுதான். எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "கி மன்யேர்?" என்று நலம் விசாரிப்பார்கள். சீக்காளியாகப் படுத்திருக்க வேண்டியவர் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார், முகத்தில் களை வந்தது. என் ஆலை பஸ் திரும்பும் வேளையில் ஊர்க்கதை எல்லாம் திரட்டிக்கொண்டு எதிரே ஜம்மென்று வருவார். அவருக்கு அறுபத்தெட்டு, எனக்கு முப்பத்து நான்கு. பார்க்கிறவர்களுக்கு நான்தான் கிழவி.

அந்தத் தைப்பூசத்துக்கு விரதம் இருந்து பால்செம்பு எடுத்தேன். கால்வலி தீர வேண்டும் என்பதே என் வேண்டுதல். கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு வருகிறவர்களின் பாதத்தில் வழியோர வீட்டார் மஞ்சள்நீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். மாமியாரும் வண்டியோடு கிளம்பினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் அதில் தென்னங்குருத்தும் சாமந்தியும் கட்டிவிட்டிருந்தார்கள். பூக்குவியலாய் வந்ததைக் காவடி என்றே நினைத்த ஒருத்தி குடத்தோடு ஓடிவந்து, நான்கு சக்கரங்களுக்கும் நீர் ஊற்றித் தொட்டுக் கும்பிட்டாள். மாமியார் மறுத்தாரா? சிலை மாதிரி நின்று ஏற்றுக்கொண்டார். அடுத்தடுத்த வீட்டாரும் அப்படியே செய்தார்கள். கணவர் முன்னால் நடந்து பாதையில் கிடந்த கற்களைப் பொறுக்கிப் போட்டார். எல்லோரும் சக்கரத்துக்கு ஊற்றி முடித்து என்னிடம் வந்தபோது குடம் காலி. செம்பைத் தலையில் பிடித்தபடி, முருகா, எனக்கும் கால் இருப்பது உனக்காவது தெரியுமா என்று மனதுக்குள் கத்தினேன்.

இப்போது எனக்கும் முழங்கால் போய்விட்டது. கணவரும் இல்லை. புது வண்டி வாங்கித் தருகிறேன் என்றான் மகன். இதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஆனால் தள்ளிப் பார்த்தால் முதுகு வளைகிறது. மாமியார் என்னைவிடக் குட்டை, கைப்பிடியோ அவர் உயரத்துக்குப் பற்றவைத்தது.

"கைப்பிடியை அறுத்து உயர்த்திவிடலாம். பா பூஸே, மா" என்று மகன் என் காலடியில் மண்டியிட்டு, தரையிலிருந்து மணிக்கட்டுவரை டேப் பிடித்தான். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன். அந்நேரம் வேலை முடிந்து வந்த மருமகள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்தும் மகனிடம் சொன்னேன்: "சரியாகப் பிடித்தாயா? இன்னொரு தடவை அளந்து பார்."