காவேரிக்குக் குணமான கதை

எங்கள் தீவு ஊரான பாம்பூஃப்ளாட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்க்காதவர் மனிதரே இல்லை. போனால் கால் மணி நேரமாவது உட்கார வேண்டும், டீ குடிக்க வேண்டும், இதே நோய் வந்து செத்துப்போன யாராவது ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காவேரியையும் அப்படித்தான் கவனித்துக்கொண்டோம். அவளுக்கு வந்தது நோயே இல்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

காவேரி எனக்கு எதிர்வீடு. நாற்பத்தொரு வயது. தினமும் ஃபெர்ரியில் எதிர்க்கரையிலிருக்கும் சாத்தாமுக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, ஒரு கப்பல் ஏஜெண்டின் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், அதுவும் உண்மையான பதில். முன்பு பெண் பார்க்க வந்தவர்கள், "பையனப் புடிச்சிருக்காம்மா?" என்று கேட்டபோது, "இன்னும் தெரியல, இப்பத்தானே பாக்கறேன்" என்றாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. திமிர் பிடித்தவள் என்று ஊர் முடிவு கட்டியது. அவளும் அது திமிராகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள்.

போன வருஷம் அவள் ஆபீஸுக்குப் புது ஜெனரேட்டர் வந்தது. அந்தச் சத்தம் தாங்காமல் ஒருநாள் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. விஷயம் டாக்டரிடம் போனது. அவர் கடல் தாண்டி மேன்லேண்டில் இருக்கும் ஒரு டாக்டரைக் கைகாட்டினார். மேன்லேண்ட் டாக்டர் நெட் வந்தபோதெல்லாம் வீடியோவில் பேசிப் பேசிக் கடைசியில் சொன்னார்: ஆட்டிசம். பிறந்ததிலிருந்தே இருப்பது; நோயில்லை, அதனால் மருந்தும் இல்லை. உங்களைப் போல இன்னொருவர் பழக்கமானால் பெரிய துணையாக இருக்கும் என்றார். காவேரி அன்று சந்தோஷத்தில் அழுதாள். நீ கெட்டவள் இல்லை என்று ஒருவர் அவளுக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. தன்னைப் போல ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று நினைத்தாள்.

நெருங்கியவர் யாரிடமாவது சொல்லிவையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அக்கா பானுமதியிடம் சொன்னாள். பானுமதி பாசக்காரி. கூட்டம், சத்தம், முகம் பார்த்துப் பேசுவது என்று தங்கைக்கு ஆகாததையெல்லாம் விவரமாகக் கேட்டு, அழுது, மூக்கைச் சிந்திவிட்டு, அத்தனையையும் காலனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். எல்லாரும் பிரார்த்தனை பண்ணுங்கள் என்றும் கேட்டுக்கொண்டாள்.

கூட்டம் ஆகாத பெண்ணுக்கு ஆறுதல் சொல்லக் கூட்டமாகப் போனோம். கப்பல் வராமல் உருளைக்கிழங்குக்கே தட்டுப்பாடான வாரம் அது. ஆப்பிள் எங்கிருந்துதான் கிடைத்ததோ, ஆளுக்கு ஒரு பை. பக்கத்து வீட்டு ஜெயலட்சுமி அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "என்னயப் பாத்துப் பேசு, பழகிடும்" என்றாள். "டென்ஷன் மத் லோ, கவலப்படாத. மேன்லேண்ட்ல இதுக்கு இஞ்செக்‌ஷன் இருக்கும்" என்று தைரியமும் சொன்னாள். நான் கொண்டுபோனதும் ஹார்லிக்ஸ்தான். காவேரி எல்லாருக்கும் டீ போட்டே ஓய்ந்தாள். எங்கள் காலனியிலேயே இருக்கும், ஃபெர்ரியில் கயிறு கட்டும் லஸ்கர் கண்ணையா மட்டும் உள்ளே வரவில்லை. கேட்டில் ஒரு பை கொய்யாப்பழத்தை மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். ஒரு வீட்டுக்கு ஒழுங்காக வந்து போகக்கூடத் தெரியாத மனுஷன் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறும் போனோம். அதற்கு அடுத்த ஞாயிறு கதவைத் திறந்ததுமே காவேரி தன் வாழ்க்கையின் முதல் பொய்யைச் சொன்னாள். "மேன்லேண்ட்லேர்ந்து மருந்து வந்துச்சு. குணமாயிடுச்சு."

பிரார்த்தனை பலித்ததில் காலனிக்கே பெருமை. பானுமதி கேசரி கிளறி வீடு வீடாகக் கொடுத்தாள். நோயாளி இல்லாத வீட்டில் எங்களுக்கு என்ன வேலை? காவேரியின் வீடு அவளுக்கே திரும்பக் கிடைத்தது.

மறுநாள் காலை ஃபெர்ரியில் வழக்கமான ஓரத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். படகு நகர்ந்ததும் கண்ணையா வந்து பக்கத்தில் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் பேசியதில்லை, யாரிடமும்தான். அன்று பேசியதைக் காவேரியே பிறகு எனக்குச் சொன்னாள். அவள் சொன்னால் ஒரு வார்த்தை கூடாது, குறையாது.

"குணமாயிடுச்சாமே" என்றார், கையிலிருந்த கயிற்றைப் பார்த்து.

"ம்."

"அந்த மருந்து எனக்கும் வாங்கித் தர முடியுமா?"

காவேரி அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தாள்.

"உங்க அக்கா குரூப்ல போட்டது பூரா எனக்கும் இருக்கு. கூட்டம், சத்தம், அந்த மூஞ்சியப் பாக்கறது. அம்பது வயசு தாண்டிடுச்சு, இதுக்கு ஒரு பேர் இருக்குன்னே தெரியாது. கேக்கலாம்னுதான் அன்னிக்கு வந்தேன். உள்ள ஆளுங்க இருந்தாங்க."

அவள் தேடிய ஆள் கொய்யாப்பழத்தோடு கேட் வரைக்கும் வந்து, எங்களைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறார். இப்போது அவர் கேட்பதோ இல்லாத மருந்து. உண்மையைச் சொன்னால் இவரும் போய்விடுவார் என்று காவேரிக்குப் பயமாக இருந்தது. ஆனால் இரண்டாவது பொய் அவளுக்கு வாயில் வரவில்லை.

"மருந்தெல்லாம் கிடையாதுண்ணே. ஆளுங்க வராம இருக்கணும்னு பொய் சொன்னேன். இது குணமாகற விஷயம் இல்ல."

"ஆகவே ஆகாதா?"

"ஆகாது."

"அப்ப நீங்க இப்படியேதான் இருப்பீங்களா?"

"இப்படியேதான்."

கண்ணையா கயிற்றைக் கீழே வைத்தார். "டீக் ஹை, சரி" என்றார். "உங்களுக்குக் குணமானதும் நான் மறுபடி தனியா ஆயிட்டேன்னு நெனச்சேன்."

அதே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் கழித்துக் கவலையோடு கேட்டார். "இனிமே தெனம் பேசணுமா?"

"வேணாண்ணே."

சாத்தாம் வரும்வரை இருவரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் என்னோடு நின்றிருந்த ஜெயலட்சுமி அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"பாவம், குணமாகியும் அவகிட்டப் பேச ஒரு ஆள் இல்ல."