அப்பாவின் அவரைத் தோட்டமும் மூட்டுவலித் தைலமும்

எங்கள் அப்பா குடியாத்தத்தில் பிறந்தார். பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றார். வாழ்க்கையில் பல கஷ்டங்கள் பட்டார். அவரால் நாங்கள் பட்டதையும் யாராவது எழுதத்தானே வேண்டும். மூத்த மகள் நான் எழுதுகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு ஆனேக்கல் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அவரைக்காய் போட்டார். அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. மருந்தடிக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பூச்சி கடித்தால் செடி ஒரு வாசனையை விட்டுப் பொறிவண்டுகளைக் கூப்பிடுமாம். அவை வந்து அசுவினியைத் தின்றுவிடுமாம். ஏதோ விவசாயப் பயிற்சியில் கேட்டு வந்தார். மூட்டுவலித் தைலத்தில் சேர்க்கிற விண்டர்கிரீன் எண்ணெயிலும் அதே வாசனை உண்டு. அதைப் பஞ்சில் நனைத்து, துணியில் முடிந்து, தோட்டம் முழுக்கக் குச்சி நட்டுக் கட்டினார். பக்கத்து நிலத்துக் கௌடர், செடிக்கும் மூட்டுவலியா என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போனார். அப்பா அசரவில்லை.

இந்த முடிச்சுகளை வீட்டு ஹாலில்தான் தயாரிப்பார். என்னைப் பெண் பார்க்க ஓசூரிலிருந்து வந்த அன்று காலையிலும் தயாரித்தார். எண்ணெய் பாட்டில் சோபாவில் கவிழ்ந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு சாம்பிராணி போட, கோயிலுக்குள் ஆஸ்பத்திரி திறந்தது போலாயிற்று வீடு. எனக்கோ மாப்பிள்ளையைப் போனில் பேசியதிலேயே பிடித்துப் போயிருந்தது. கைவிட்டுப் போய்விடுமோ என்று சன்னலையெல்லாம் திறந்து வைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா நுழைந்ததும் மூக்கைச் சுளித்தார். என்னை நடக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், மறுபடி எழுந்து நடக்கச் சொன்னார்.

"யாருக்கு முடியல? மறைக்காம சொல்லிடுங்க."

"எங்க வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்மா. உடம்பு சரியில்லாதது அவரைச் செடிக்குத்தான்" என்றார் அப்பா.

அதோடு போயிற்று சம்பந்தம் என்று நினைத்தேன். அப்பாவோ, நேரில் பார்த்தால் நம்புவீர்கள் என்று எல்லோரையும் தோட்டத்துக்கு அழைத்துப் போய்விட்டார். பட்டுப்புடவையோடு நானும் வரப்பில் நின்றேன். ஒரு வண்டையும் காணோம். கடைசியில் ஒன்றே ஒன்று வந்தது. அத்தனை முடிச்சுகளையும் விட்டுவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா புடவையில் சரியாக முழங்கால் மேல் உட்கார்ந்தது.

அப்பா குனிந்து பார்த்து, மிகுந்த மரியாதையோடு, தங்களுக்கு மூட்டுவலியா என்று விசாரித்தார். அந்த அம்மா வாய் திறக்குமுன் அவர் கணவர் போட்டு உடைத்தார்.

"கார்லயே தைலம் தடவிக்கிட்டுதானே வந்தா."

எங்கள் வீட்டு நெடியில் அது யாருக்குத் தெரிந்தது! அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, அடக்கவே முடியவில்லை. இன்று அவர் என் அத்தை. அந்தத் தோட்டத்து அவரைக்காய்தான் எங்கள் கல்யாணப் பந்திக்கும் வந்தது.

பிறகொரு நாள் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்த அப்பா என்னிடம் கடைசியாகக் கேட்டது, முடிச்சுகளை மாற்றினாயா என்பதுதான். மாற்றிவிட்டேன் என்றதும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

காரியச் சாப்பாட்டுக்குத் தோட்டத்திலேயே பந்தல் போட்டோம். அழுது அழுது தலைவலி வந்து, அத்தை நெற்றியில் தைலம் தடவிக்கொண்டார். எங்கிருந்தோ வந்த பொறிவண்டு ஒன்று அவர் கையில் உட்கார்ந்தது. யாரோ தட்டிவிடப் போனார்கள்.

"தட்டாதீங்க. சம்பந்தி கூப்பிட்டு வந்திருக்கு. இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அத்தை.

அதுவரை அழாமல் இருந்த நான் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாக்களுக்கும், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிய கௌடருக்கும், சேதி கேட்டு ஓடிவந்த உங்களுக்கும், வாசனை பிடித்து வந்த அந்த ஒருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.